கிழங்குக்கு எரு போடுவது எப்படி: பச்சை எருவும் பழைய எருவும்

மரவள்ளி வைத்த வளவுகளில் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு ஒன்று உண்டு. தடி ஆளுயரம் தாண்டிவிட்டது, இலை கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிறது, ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லாம் "இந்தமுறை கிழங்கு அள்ளப் போறியள்" என்கிறார்கள். பிடுங்கிப் பார்த்தால் விரல் மொத்தத்தில் நாலு வேர். வத்தாளையிலும் (சர்க்கரைவள்ளியிலும்) இதே கதைதான். கொடி பாத்தியை மூடி வரம்பு கடந்து ஓடும், கீழே கிண்டினால் வெறும் நார். கரட் போட்டவருக்கு வேறு கவலை: ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், மூன்று கால், மேலெல்லாம் மயிர் வேர்.

எரு போதவில்லை என்று நினைத்து அடுத்தமுறை இன்னொரு உழவு இயந்திரப் பெட்டி ஏற்றிப் பறிப்பார்கள். பிரச்சினை இன்னும் கூடும். ஏனென்றால் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் எரு குறைந்தது அல்ல. அளவுக்கு மிஞ்சிப் போட்டது, அல்லது மக்காத எருவைப் பச்சையாகப் போட்டது.

வட இலங்கையின் வன்னியில் எருவுக்குப் பஞ்சமில்லை. மாடு, ஆடு, கோழி மூன்றும் ஊரில் இருக்கின்றன. கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுகிற மாதிரியே கிழங்குக்கும் போடுவதில்தான் சிக்கல். கிழங்குப் பயிரின் கணக்கு வேறு.

மண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது

கிழங்கு என்பது செடியின் சேமிப்பு. இலை வெயிலில் மாவுச்சத்தைத் தயாரிக்கிறது. புது இலை, புதுக் கிளை வளர்க்கச் செலவானது போக மிஞ்சுவதுதான் கீழே இறங்கி வேரைப் பருக்க வைக்கிறது. மிச்சம் இல்லையென்றால் கிழங்கும் இல்லை.

இதில் நைதரசனின் வேலை இலையை வளர்ப்பது. அது மண்ணில் அளவோடு இருந்தால் செடி ஒரு கட்டத்தில் இலை போடுவதைக் குறைத்துக்கொண்டு கிழங்கைப் பருக்கத் தொடங்கும். நைதரசன் கொட்டிக் கிடந்தால் அந்தக் கட்டம் வராமல் தள்ளிப்போகும். செடி இலைக்கு மேல் இலையாகப் போட்டுக்கொண்டே இருக்கும். பொட்டாசியம் இதற்கு மறுபக்கம். இலையில் உண்டான சீனியை வேருக்குக் கொண்டுபோய் அங்கே மாவாகச் சேர்த்து வைக்க அது வேண்டும். பொசுபரசு வேர் பிடிக்கிற முதல் வாரங்களில் முக்கியம்.

ஆகவே கிழங்குப் பயிருக்கு எரு வாங்கும்போது "சத்து இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. நைதரசன் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, அவை எந்த வேகத்தில் வெளிவரும் என்று பார்க்க வேண்டும்.

எந்த எருவில் என்ன

நன்றாக மக்கிய மாட்டெருவில் பொதுவாக நூற்றுக்கு அரைப் பங்கு நைதரசன், 0.2 பங்கு பொசுபரசு, அரைப் பங்கு பொட்டாசியம் என்று விவசாயப் புத்தகங்களில் போட்டிருக்கும். ஆட்டெருவில் ஏறத்தாழ 3, 1, 2. கோழியெருவில் 3, 2.6, 1.4. மாடு என்ன மேய்ந்தது, எரு எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, அதில் எவ்வளவு மண் கலந்தது என்பதைப் பொறுத்து இவை நிறைய ஏறி இறங்கும். ஆனாலும் ஒன்றோடொன்று ஒப்பிட உதவும்.

இதை யூரியாக் கணக்கில் சொன்னால் விளங்கும். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஆயிரம் கிலோ மாட்டெருவில் 5 கிலோ நைதரசன். அது சுமார் 11 கிலோ யூரியாவுக்குச் சமம். அதே ஆயிரம் கிலோ சுத்தக் கோழியெரு என்றால் 30 கிலோ நைதரசன், 65 கிலோ யூரியா மாதிரி. உமியோ மரத்தூளோ கலந்த பண்ணைக் கழிவில் இது குறையும். இருந்தாலும் "ரெண்டும் எருதானே, ஒரே அளவு போடுவம்" என்று கோழியெருவை மாட்டெருக் கணக்கில் இறைத்தால் வத்தாளைக் கொடி வேலியில் ஏறுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். மாட்டெருவில் நைதரசனும் பொட்டாசியமும் சமன். கோழியெருவில் நைதரசனில் பாதிகூடப் பொட்டாசியம் இல்லை. அதனால் கோழியெரு கீரைக்கும் கோவாவுக்கும் நல்லது. கிழங்குக்கு மாட்டெரு, அடுத்தது ஆட்டெரு, கடைசியில்தான் கோழியெரு. இது என் வரிசை. கோழியெரு மட்டும்தான் கையில் கிடைக்கிறது என்றால் மாட்டெரு அளவில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகாதீர்கள். அதையும் நன்றாக மக்கவிட்டுப் போடுங்கள்.

ஆட்டுப் புழுக்கையில் ஒரு சிக்கல் உண்டு. அது காய்ந்தால் கல் மாதிரி. முழுசாகப் போட்டால் ஒரு போகம் முடிந்த பிறகும் மண்ணில் அப்படியே உருண்டு கிடக்கும். நனைத்து, மிதித்து உடைத்து, மற்றக் குப்பையோடு சேர்த்து மக்கவிட வேண்டும்.

பட்டியும் மாட்டுச் சலமும்

மாட்டின் உடம்பிலிருந்து வெளியேறும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி சாணத்தில் இல்லை, சலத்தில்தான் (மூத்திரத்தில்தான்) இருக்கிறது. நைதரசனிலும் நல்லதொரு பங்கு அதில்தான். நாங்கள் சாணத்தைக் கடகத்தில் அள்ளிக் கவனமாகச் சேர்க்கிறோம், சலத்தை மண்ணுக்குள் போகவிடுகிறோம். கிழங்குக்கு வேண்டிய சத்து அப்படியே கைநழுவிப் போகிறது.

பழைய ஆட்கள் இதைப் பொட்டாசியம் என்ற பெயர் தெரியாமலே செய்து வைத்திருந்தார்கள். பகலில் காட்டோரத்திலும் குளத்தின் அலைகரையிலும் மேய்ந்த மாடுகளை இரவில் தோட்டக் காணிக்குள்ளேயே பட்டி அடைப்பார்கள். சில நாளில் பட்டியைப் பிரித்துப் பக்கத்துத் துண்டுக்கு மாற்றுவார்கள். இப்படியே காணி முழுக்கச் சுற்றி வரும். சாணமும் சலமும் விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் மிதிபட்டுவிடும். எரு ஏற்றுகூலியும் இல்லை. இந்த வழி உங்களுக்கு வாய்க்குமென்றால் கோடையிலேயே பட்டி அடைத்து முடியுங்கள். முதல் மழைக்கு ஒருதரம் உழுது மண்ணோடு கலக்கவிட்டு, அதற்குப் பிறகு தடி நடலாம்.

மாடு ஒரே இடத்தில் நிற்கிற கொட்டில் என்றால் கீழே வைக்கோல் போடுங்கள். வைக்கோல் இல்லாவிட்டால் காய்ந்த சருகு, மரத்தூள் எதுவானாலும் சரி. அது சலத்தைக் குடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கொருதரம் நனைந்ததை அள்ளி எருக்கும்பியில் போட்டுவிட்டுப் புது வைக்கோல் விரிக்கலாம். வன்னியில் அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலைக் கொளுத்துகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கொளுத்துகிற வைக்கோல் கட்டுகளில் ஐந்தாறைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தால் கிழங்குக்கு ஆகும்.

பச்சை எரு ஏன் ஆகாது

கரட் விதை முளைத்ததும் மேலே இரண்டு மெல்லிய இலைதான் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கீழே நூல் மாதிரி ஒரு ஆணிவேர் விறுவிறுவென்று நேராக இறங்கிக்கொண்டிருக்கும். பின்னால் பருத்துக் கரட்டாகப் போவது அந்த நூல்தான். போகிற வழியில் மக்காத சாணக் கட்டி ஒன்றில் முட்டினால், அதிலிருந்து வெளிவரும் அமோனியாவிலும் உப்பிலும் வேர்நுனி கருகிவிடும். நுனி செத்தால் செடி சாகாது; பக்கத்தில் இருந்து இரண்டு மூன்று வேர் கிளம்பி அவை எல்லாம் பருக்கும். கவட்டுக் கரட் வருவது இப்படித்தான். கல்லில் முட்டினாலும் இதுவே நடக்கும் என்பதால் சிலர் மண்ணைக் குறை சொல்வார்கள். கல் பொறுக்கின பாத்தியிலும் கவட்டுக் கரட் வந்தால் எருவைச் சந்தேகப்படுங்கள். முள்ளங்கியும் பீற்றூட்டும் இந்தச் சாதிதான்.

இரண்டாவது கறையான். வறண்ட மண்ணில் பாதி மக்கிய சாணமும் வைக்கோல் துண்டும் கிடந்தால் கறையான் அங்கே வந்துவிடும். அதைத் தின்று முடித்த கையோடு மரவள்ளித் தடியின் வெட்டுவாயிலும் கச்சான் கோதிலும் கை வைக்கும். மூன்றாவது, களை. மாட்டின் வயிற்றுக்குள் போன புல்விதையில் ஒரு பகுதி சாகாமல் வெளியே வரும். பட்டியின் ஓரத்தில் நிற்கிற பாத்தீனியம் பூத்துக் கொட்டின விதையும் காற்றோடும் மாட்டின் குளம்போடும் எருவுக்குள் சேர்ந்துவிடும். அந்த எருவைப் பச்சையாக ஏற்றிப் போய்ப் போட்டால், நாங்களே காசு கொடுத்துப் பாத்தீனியம் விதைத்த மாதிரி.

நான்காவது காரணத்தைத்தான் பலர் யோசிப்பதில்லை. கிழங்கு எருவுக்குள்ளேயே கிடந்து வளர்கிற பொருள். பச்சைச் சாணத்தில் வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமிகள், குடற்புழு முட்டைகள் இருக்கலாம். மரவள்ளியை அவித்துத்தான் சாப்பிடுகிறோம், பயமில்லை. கரட்டையும் முள்ளங்கியையும் பச்சையாகக் கடிக்கிறோம், சம்பல் போடுகிறோம். அமெரிக்காவின் சேதன விவசாய விதிமுறையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: உண்ணும் பகுதி மண்ணோடு தொடுகிற பயிராக இருந்தால், பச்சை எருவை மண்ணில் கலந்து குறைந்தது 120 நாள் கழிந்த பிறகே அறுவடை செய்யலாம். முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் பிடுங்குகிற பயிர், கரட் மூன்று மாதம். அப்படியென்றால் இவற்றுக்கு நடும்போது பச்சை எரு போடும் பேச்சுக்கே இடமில்லை.

மக்க வைக்கும் முறை

குவித்து வைத்த சாணம் காலத்தோடு தானாக மக்கும், சரிதான். ஆனால் வன்னிக் கோடையில் தானாக விட்டால் பெரும்பாலும் மக்காது, காயும். வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று நாலு மாதம் அடித்து, வெயிலோடு சேர்ந்து, கும்பியை வறட்டி மாதிரி ஆக்கிவிடும். மாரி வந்தால் நேர்மாறு. திறந்து கிடக்கும் கும்பியின் அடியிலிருந்து தேயிலைச் சாயத்தில் ஒரு தண்ணீர் வழிந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடுவது பொட்டாசியமும் நைதரசனும். மிஞ்சுவது சக்கை.

அதனால் ஆனி, ஆடியில் கும்பி போட்டு, புரட்டாசி கடைசியில் மழை தொடங்குவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. இடம் நிழலாக, வெள்ளம் தேங்காத மேடாக இருக்கட்டும். மரத்தடி என்றால் அடியில் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் மாமர வேர் கீழிருந்து ஏறி எருவை உங்களுக்கு முன்னே சாப்பிட்டுவிடும்.

கும்பி ஒரு மீற்றருக்குக் குறையாத உயரமும் ஒன்றரை மீற்றர் அகலமும் இருக்க வேண்டும். நீளம் எரு இருக்கிற அளவுக்கு. சின்னக் குவியல் சூடாகாது. சூடு ஏறாவிட்டால் களைவிதையும் கிருமியும் சாகாது. அடியில் குச்சியும் தடியும் பரப்பி, மேலே ஒரு சாண் சாணம், அதற்கு மேல் ஒரு சாண் வைக்கோலோ சருகோ, அதன்மேல் வேலியில் வெட்டின கிளிசரியாக் குழை, கொஞ்சம் தோட்டத்து மண். பிறகு தண்ணீர். இப்படியே மாறி மாறி அடுக்குங்கள். வைக்கோல் சேர்ப்பது பருமன் கூட்ட மட்டும் அல்ல. சாணத்திலும் கோழியெருவிலும் நைதரசன் கூட, கரி (காபன்) குறைவு. வைக்கோலில் கரி கூட, நைதரசன் குறைவு. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு இருபத்தைந்து, முப்பது பங்கு கரி என்ற கலவைதான் பிடிக்கும். தனிக் கோழியெருவைக் குவித்தால் மூக்கை அடைக்கிற மணம் வருமே, அது மிஞ்சின நைதரசன் அமோனியாவாகக் காற்றில் பறப்பது. உமி கலந்த எரு என்றால் பொறுமை வேண்டும், உமி சீக்கிரத்தில் மக்காது.

ஈரம் சரியா என்று பார்க்கக் கும்பிக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒன்றிரண்டு சொட்டு விழுந்தாலும் பரவாயில்லை. ஒழுகினால் தண்ணீர் கூட. கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதாது. மேலே கிடுகோ பழைய பனையோலையோ போட்டு மூடுங்கள். சோளகத்துக்கும் அதுதான் காவல், மழைக்கும் அதுதான்.

மூன்றாம் நாள், நாலாம் நாள் சூடு பிடிக்கும். ஒரு கம்பியை நடுவில் குத்திப் பத்து நிமிடம் விட்டு இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுட வேண்டும். 55 பாகை செல்சியசுக்கு மேல் இரண்டு கிழமையாவது நிற்பதும், அதற்குள் ஐந்து தரமாவது புரட்டுவதும்தான் கிருமி சாவதற்குச் சொல்லப்படும் அளவு. நடுவில் இருப்பதற்கு மட்டும்தான் அந்தச் சூடு கிடைக்கும் என்பதால், புரட்டும்போது ஓரத்தில் கிடந்ததை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சும்மா மேலே கீழே கிளறுவதில் பயனில்லை. முதல் இரண்டு கிழமை இப்படி முறிந்து வேலை செய்தால் பிறகு மாதத்துக்கு ஒருதரம் போதும். எல்லாமாக மூன்று மாதம் என்று வையுங்கள்.

புரட்டும்போது விரல் மொத்தத்தில், வெள்ளையாக, வளைந்து சுருண்ட புழு கிடைத்தால் விடாதீர்கள். பெரும்பாலும் அது காண்டாமிருக வண்டின் புழு. எருவுக்குள் வளர்ந்து வண்டாகிப் பறந்துபோய்த் தென்னங்குருத்தைக் குடையும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்; கோழிகள் மண்வெட்டிச் சத்தம் கேட்டதுமே வந்து நிற்கப் பழகிவிடும்.

எரு தயார் என்பதை நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, காய்ந்த சாணமும் கறுப்பாகத்தான் இருக்கும். ஒரு பிடியை ஈரமாக்கிப் பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறந்ததும் மழை பெய்த மண் மணம் வந்தால் சரி. அமோனியா நெடியோ புளிச்ச நாற்றமோ அடித்தால் இன்னும் காலம் வேண்டும். இன்னும் நிச்சயமாகத் தெரிய, ஒரு சிரட்டையில் அந்த எருவையும் இன்னொன்றில் சாதாரண மண்ணையும் போட்டு இரண்டிலும் பத்துப் பத்துப் பயறு ஊன்றுங்கள். எருச் சிரட்டையில் முளைப்பு குறைந்தாலோ முளை நுனி கருகினாலோ அதைக் கரட் பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள்.

எந்த மண்ணுக்கு, எவ்வளவு

வன்னியின் பெரும்பகுதி செம்பழுப்பு மண். நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் இறுகி மண்வெட்டி துள்ளும். அப்படி இறுகின மண்ணுக்குள் கிழங்கு பருக்க இடம் கிடையாது. இங்கே எருவின் முதல் வேலை சத்துக் கொடுப்பது கூட அல்ல, மண்ணைப் பொதுபொதுவென்று வைத்திருப்பது. முல்லைத்தீவுக் கரையோர மணலில் கிழங்கு நேராக, அழகாக வரும். ஆனால் தண்ணீரும் சத்தும் நிற்காமல் கீழே போய்விடும். அங்கே எருவை ஒரே தரத்தில் கொட்டாமல் பாதியை நடும்போதும் மீதியை ஒன்றரை மாதத்தில் மண் அணைக்கும்போதும் போடலாம். முருங்கன் பக்கத்துக் களி மண்ணில் கரட்டுக்கு ஆசைப்படுவது வீண் என்பது என் எண்ணம். பூநகரி மாதிரிக் கிணற்று நீர் உவர்க்கும் இடங்களில் ஆட்டெருவையும் கோழியெருவையும் குறையுங்கள். இரண்டிலும் உப்புக் கூட, இருக்கிற உவரோடு அதுவும் சேரும்.

அளவைப் பொறுத்தவரை, நன்றாக மக்கிய மாட்டெரு சதுர மீற்றருக்கு இரண்டு கிலோ என்று தொடங்கலாம். ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீற்றர், அதற்கு 500 கிலோ. ஏக்கருக்கு 16 பரப்பு, ஆகவே 8 தொன். எருவிலுள்ள நைதரசன் முழுவதும் முதற் போகத்திலேயே வெளிவராது; கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்த போகங்களுக்கும் சேர்த்துத்தான் வரும். பொட்டாசியம் அப்படியல்ல, மழையோடு சீக்கிரம் கிடைத்துவிடும். கிழங்குப் பயிருக்கு இந்த இயல்பு தோதானது.

2021ஆம் ஆண்டு நடந்ததை இந்த இடத்தில் யோசித்துப் பார்க்கலாம். அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை இலங்கை அரசாங்கம் தடை செய்தது, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் யூரியாவின் வேலையை எரு உடனே செய்யும் என்று எதிர்பார்த்து வயலில் கொட்டினவர்கள், நெல் மஞ்சளாக நிற்பதைப் பார்த்து எருவையே வெறுத்துப்போனார்கள். யூரியா நாள் கணக்கில் வேலை செய்யும், எரு போகக் கணக்கில் வேலை செய்யும். ஒன்றின் வேகத்தை மற்றதிடம் கேட்டது எருவின் பிழையல்ல. யூரியாவே கூடாது என்றும் நான் சொல்லவரவில்லை. மண் பரிசோதனையில் ஏதாவது குறைந்திருந்தால் அதை மட்டும் பையிலிருந்து போட்டு, மற்றதை எருவுக்கு விடுவது புத்திசாலித்தனம். பரிசோதனையை எங்கே, எப்படிச் செய்விப்பது என்று உங்கள் கமநல சேவை நிலையத்தில் கேட்கலாம்.

மரவள்ளியை ஒரு மீற்றர் இடைவெளியில் நடுகிறோம், ஆகவே காணி முழுக்க இறைப்பதைவிடக் குழிக்கு இரண்டு கிலோ போட்டு மண்ணோடு பிரட்டுவது நல்லது. தடியின் வெட்டுவாய் தனி எருவில் இருக்கக் கூடாது, மண்ணில் இருக்க வேண்டும். வத்தாளைக்கு இதில் பாதி போதும். கத்தரி நின்ற பாத்தியில் வைப்பதென்றால் எருவே வேண்டாம். கொடியைக் கிழமைக்கொருதரம் தூக்கிவிட்டால் கணுவில் வேர் விட்டுச் சத்தை அங்கங்கே பங்கு போடாது.

இராசவள்ளி விதிவிலக்கு. எட்டு ஒன்பது மாதம் மண்ணில் கிடக்கிற கிழங்கு, நிறையச் சாப்பிடும். முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, மேல்மண்ணும் பழைய எருவும் சரிபாதியாக நிரப்பி நட்டாலும் கோபிக்காது. கொடி ஏற ஒரு கம்பு மட்டும் கொடுக்க வேண்டும். தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சின இராசவள்ளிக் கூழுக்காக அந்தக் குழி வெட்டுகிற வேலையை யாரும் பொறுத்துக்கொள்ளலாம். மரவள்ளிக்கும் இதற்கும் காட்டுப்பன்றிதான் முதல் வாடிக்கையாளர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எருவைவிட வேலிக்கு அதிகம் செலவாகிற ஊர்கள் இருக்கின்றன.

கரட், பீற்றூட், முள்ளங்கிக்கு நடும்போது எருவே போடாமல் விடுவதுதான் சிறந்த வழி. எரு போட்ட பாத்தியில் முதல் போகம் கத்தரி, மிளகாய், பூசணி என்று எதையாவது வையுங்கள். பச்சை எருவின் சூட்டையும் நைதரசனையும் அவை தாங்கும். அடுத்த போகம் அதே பாத்தியில் கரட். எருவின் மிச்சம் அதற்குப் போதும். மலைநாட்டுப் பயிர் என்றாலும், மார்கழி தைக் குளிரைப் பிடித்தால் இங்கும் வரும்.

சாம்பலும் மற்றவையும்

எருவில் போதாத பொட்டாசியத்தைக் கொடுக்க அடுப்புச் சாம்பல் நல்லது. விறகுச் சாம்பல்தான், அரிசி ஆலையில் கிடைக்கும் உமிச்சாம்பல் இதற்குப் பதிலாகாது. அதில் பெரும்பங்கு சிலிக்கா, பொட்டாசியம் கொஞ்சம். மண்ணை இளக்க அது உதவும், அவ்வளவுதான். விறகுச் சாம்பலைச் சதுர மீற்றருக்கு ஒரு பிடி, கிழங்கு பருக்கத் தொடங்கும் நேரத்தில் தூவிக் கொத்திவிடலாம். எருவோடு கலந்து வைக்காதீர்கள். சாம்பல் காரம். எருவிலுள்ள நைதரசனை அது அமோனியாவாக்கிப் பறக்க விட்டுவிடும். உவர் மண்ணில் சாம்பலையும் தவிர்ப்பது நல்லது.

எரு விலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டியெரு என்று வருவதில் பாதி மணலாக இருக்கலாம். பெட்டியில் ஏற்றுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கோப்பை எருவைக் கொட்டிக் கலக்குங்கள். மணல் உடனே அடியில் படியும், எரு கொஞ்ச நேரம் மிதந்து கலங்கி நிற்கும். அடியில் படிந்தது பாதிக்கு மேல் என்றால் நீங்கள் மணலுக்குக் காசு கொடுக்கிறீர்கள். பட்டி மண்ணில் சலம் ஊறியிருக்கும், முழுக்க வீண் இல்லை, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அறுவடையில் கிழங்கோடு சேர்ந்து காணியை விட்டுப் போகிற சத்தில் பொட்டாசியம் நிறைய. நைதரசனில் நல்லதொரு பங்கு இலையில் நிற்கிறது. ஆகவே மரவள்ளி இலையையும் வத்தாளைக் கொடியையும் மாட்டுக்குப் போட்டீர்கள் என்றால் அந்தச் சாணத்தை அதே துண்டுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மரவள்ளி இலையை மட்டும் பச்சையாக அள்ளிப் போடாமல், வாட்டிக் காயவைத்துக் கொடுங்கள், அதில் நஞ்சு உண்டு. மாடு இல்லாவிட்டால் இலையைத் தறையிலேயே விட்டு மண் போட்டு மூடுங்கள். நடுகைக்கு எடுத்தது போக மிஞ்சுகிற தடி அடுப்புக்குப் போகும். அந்தச் சாம்பலை ஒரு பழைய உரப்பையில் நனையாமல் சேர்த்து வைத்தால் அடுத்த போகக் கிழங்குக்குக் கடையில் பொட்டாசியம் வாங்குவது குறையும்.